அணைந்துபோன சோலார் தோட்ட விளக்கை மறுபடி எரிய வைக்க

பாதையோரம் வரிசையாகக் குத்தி வைத்த சோலார் விளக்குகள் முதல் வருடம் ஜோராக எரியும். இரண்டாம் வருடம் நள்ளிரவுக்குள் மங்கிவிடும். அப்புறம் ஒரு நாள் பார்த்தால் எட்டில் இரண்டுதான் எரிந்துகொண்டிருக்கும். ஆயுள் முடிந்தது என்று எல்லாவற்றையும் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுசு வாங்குவார்கள். நானும் ஒரு செட்டை அப்படித்தான் போட்டேன். அடுத்து வாங்கியதும் அதே மாதிரி அணைந்த பிறகுதான், போகட்டும் என்று ஒன்றைத் திறந்து பார்த்தேன். உள்ளே விரல் நீளத்தில் ஒரு பேட்டரி, அதன் முனையில் வெள்ளையாகப் பூத்த உப்பு, அவ்வளவுதான். உப்பைச் சுரண்டி பேட்டரியை மாற்றியதும் அன்று இரவே எரிந்தது. குப்பைக்குப் போன முதல் செட் அப்போது ஞாபகத்துக்கு வந்தது.

இந்த வேலைக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரிந்திருக்கத் தேவையில்லை. எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்ற வரிசை தெரிந்தால் போதும். பேட்டரி, அது தொடும் டெர்மினல், பேனல், அதற்கப்புறம்தான் வயரும் சர்க்யூட்டும். புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்து, முதல் நாளே வயரை ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் அயர்னைச் சூடாக்கிவிடுகிறார்கள்.

விளக்கு பிழைக்கும் விதம்

சோலார் தோட்ட விளக்கு ஓர் அன்றாடங்காய்ச்சி. பகலில் சம்பாதித்ததை இரவில் செலவழிக்கும். சேமிப்பு என்று பெரிதாக எதுவும் இருக்காது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கோளாறுகளுக்குக் காரணம் தானாகவே புரிந்துவிடும்.

சம்பாதிப்பது மேலே இருக்கும் பேனல். ஒவ்வொரு சிலிக்கான் செல்லும் வெயிலில் ஏறக்குறைய 0.5 வோல்ட் தரும். சின்ன விளக்குகளில் நாலு செல்களை வரிசையாக இணைத்து 2 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். பேனலை உற்றுப் பார்த்தால் செல்களைப் பிரிக்கும் கோடுகள் தெரியும், எண்ணிக்கொள்ளலாம். அந்த 2 வோல்ட், 1.2 வோல்ட் பேட்டரி ஒன்றை நிரப்புகிறது.

ஆனால் வெள்ளை எல்இடி எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடிதான். நீல எல்இடியின் மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் என்ற பொருளைப் பூசி வெள்ளையாகக் காட்டுகிறார்கள். சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட் போதும், நீலத்துக்கு அது பத்தாது. (அந்த நீல எல்இடியை உருவாக்கியதற்காகத்தான் இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. உங்கள் பூச்செடிக்குப் பக்கத்தில் மினுங்குவது அவர்கள் உழைப்பு.) ஆகவே 1.2-ஐ 3 ஆக உயர்த்த ஒரு சின்னப் பலகையில் நாலு கால் உள்ள ஐசி என்ற சின்னச் சில்லு ஒன்றும், காயில் என்ற கம்பிச் சுருள் ஒன்றும் இருக்கும். காயில் பார்ப்பதற்கு வண்ணக் கோடு போட்ட ரெசிஸ்டர் மாதிரியே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். ஐசியின் மேல் ஒய்எக்ஸ்8018 அல்லது கியூஎக்ஸ்5252 என்பது போன்ற எண் அச்சிட்டிருப்பார்கள்.

இருட்டிவிட்டது என்று விளக்குக்கு எப்படித் தெரிகிறது? இந்த வகை விளக்குகளில் தனிக் கண் கிடையாது, பேனலேதான் கண். பேனலின் வோல்டேஜ் இறங்கியதும் ஐசி எல்இடியை எரிய விடும். இதிலிருந்து ஒரு நல்ல துப்பு கிடைக்கிறது: விளக்கு பட்டப்பகலிலும் எரிகிறது என்றால் பேட்டரியைச் சந்தேகப்படாதீர்கள். பெரும்பாலும் பேனல் வயர் அறுந்திருக்கும், அதனால் விளக்கு எப்போதும் இரவென்றே நினைத்துக்கொண்டிருக்கிறது.

இப்போது வரவு செலவைப் பார்த்துவிடுவோம். பேனல் நல்ல வெயிலில் 70 மில்லி ஆம்பியர் தருகிறது, ஐந்து மணி நேரம் நேர் வெயில் படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 350 மில்லி ஆம்பியர்-மணி உள்ளே போகும். சார்ஜ் ஆகும்போது கொஞ்சம் சூடாகி வீணாகும், திரும்பக் கிடைப்பது 270 அளவில் இருக்கும். எல்இடியும் ஐசியும் சேர்ந்து பேட்டரியிலிருந்து 30 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒன்பது மணி நேரம் எரியும். நல்ல விளக்குக்கே இதுதான் கதி. இதில் பேனல் பாதி அழுக்கேறியிருந்தால், மரநிழல் இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிட்டால், எத்தனை மணிக்கு அணையும் என்பதை நீங்களே கணக்குப் போடலாம்.

திறப்பதற்கு முன் ஐந்து நிமிடம்

விளக்கின் தலையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச் ஆன் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், குழந்தைகளோ துடைக்கும் துணியோ தட்டி ஆஃப் ஆகியிருப்பது சகஜம். ஸ்விட்சை இருபது முறை வேகமாக மேலும் கீழும் தள்ளுங்கள், உள்ளே படிந்த கறை உரசிப் போகும். பிறகு பேனலை உள்ளங்கையால் முழுதாக மூடுங்கள். விரல் இடுக்கில் வெளிச்சம் போனாலே சில விளக்குகள் எரியாது, எனவே இருட்டறையில் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

மூடியதும் எரிகிறது, ஆனால் தோட்டத்தில் எரிவதில்லை என்றால் கோளாறு விளக்கில் இல்லை, இடத்தில் இருக்கிறது. பக்கத்தில் தெருவிளக்கோ, வாசல் விளக்கோ, ஜன்னல் வெளிச்சமோ பேனலில் விழுகிறது. அதற்குப் பொழுது சாயவே இல்லை. இரண்டடி தள்ளிக் குத்தினால் சரியாகிவிடும். அணைந்து அணைந்து எரிந்தால் இரண்டு காரணம் உண்டு. பேட்டரி தளர்ந்திருக்கும், அல்லது விளக்கின் சொந்த வெளிச்சமே எதிலாவது பட்டுத் திரும்பி பேனலில் விழுகிறது.

பேட்டரி: முதல் குற்றவாளி

தலையின் அடியில் இரண்டு மூன்று சின்ன ஸ்க்ரூக்கள் இருக்கும். சிலவற்றில் ஸ்க்ரூ இருக்காது, மூடியைத் திருகினாலே வந்துவிடும். துருப்பிடித்த ஸ்க்ரூவில் அவசரப்பட்டால் தலை மழுங்கிவிடும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு கால் மணி நேரம் காத்திருங்கள், பிறகு சரியான அளவு ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள். திறந்ததும் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். எந்த வயர் எங்கே போனது, பேட்டரியின் பிளஸ் எந்தப் பக்கம் இருந்தது என்று பிறகு குழம்ப வேண்டியிருக்காது.

உள்ளே இருக்கும் பேட்டரியின் மேல் எழுதியிருப்பதை நிதானமாகப் படியுங்கள். மூன்று விஷயம் வேண்டும்: வகை, வோல்ட், அளவு.

1.2 வோல்ட் என்றிருந்தால் அது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு அல்லது பழைய நிக்கல் காட்மியம். பாதையோர விளக்குகளில் பெரும்பாலும் இதுதான். 3.2 வோல்ட் என்றால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். 3.7 என்றால் லித்தியம் அயான், இது ஆள் நடமாட்டம் கண்டு எரியும் சுவர் விளக்குகளில் அதிகம். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. வோல்ட்டும் வகையும் பழையதோடு அப்படியே பொருந்த வேண்டும். 14500 என்ற லித்தியம் பேட்டரி கிட்டத்தட்ட டபுள் ஏ அளவில்தான் இருக்கும், டபுள் ஏ போடும் குழியில் நன்றாகவே உட்காரும். உட்காருகிறதே என்று போட்டுவிட்டால் சர்க்யூட் போகும், பேட்டரிக்கும் ஆபத்து. அதேபோல ரிமோட்டில் போடும் சாதாரண ஆல்கலைன் செல்லை ஒரு இரவு எரிந்தால் போதும் என்று போடுகிறவர்கள் உண்டு. மறுநாள் காலை பேனல் அதைச் சார்ஜ் செய்யப் பார்க்கும். சார்ஜ் ஏற்றக்கூடாத செல் அது, ஒழுகிவிடும், சில நேரம் வெடிக்கவும் செய்யும்.

பேட்டரி செத்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள வோல்ட்டும் மின்னோட்டமும் அளக்கும் மல்டிமீட்டர்கூட அவசியமில்லை. நன்றாக எரியும் இன்னொரு விளக்கின் பேட்டரியைக் கழற்றி இதில் போடுங்கள். எரிந்தால் பெரும்பாலும் பேட்டரிதான் குற்றவாளி. ஒரே மாதிரி விளக்குகள் பல வைத்திருப்பதில் உள்ள சௌகரியம் இது, எந்தப் பாகத்தையும் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். மீட்டர் இருந்தால், விளக்கை ஒரு முழு நாள் வெயிலில் வைத்து, பேட்டரியைக் கழற்றி ஒரு மணி நேரம் சும்மா விட்டு, பிறகு அளந்து பாருங்கள். 1.25-க்கு மேல் காட்டினால் நல்லது. 1.1-க்குக் கீழே நின்றால் அதற்குச் சார்ஜ் ஏறவில்லை, அல்லது ஏறினது நிற்கவில்லை. வோல்ட் நன்றாகக் காட்டியும் அரை மணியில் அணைந்தால் வோல்ட் இருக்கிறது, கொள்ளளவு போய்விட்டது. வயசான பேட்டரி அப்படித்தான். தினமும் நிரம்பிக் காலியாகி, வெயிலில் கறுப்பு பிளாஸ்டிக்குக்குள் வெந்துகொண்டிருக்கும் பேட்டரி ஒன்றிரண்டு வருடம் தாங்கினாலே பெரிது.

புதுசு வாங்கும்போது கொள்ளளவு விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பழையதில் 600 மில்லி ஆம்பியர்-மணி என்றிருந்தால் 600-இலிருந்து 1000-க்குள் வாங்குங்கள். 2500 போட்டால் நாலு மடங்கு நேரம் எரியும் என்று நினைப்பது, பெரிய உண்டியல் வாங்கினால் சம்பளம் கூடிவிடும் என்று நினைப்பது மாதிரி. வரவு பேனலிலிருந்து வருகிறது, பேனல் மாறவில்லை. பெரிய பேட்டரி எந்நாளும் முழுசாக நிரம்பாமல் அரைகுறையாகவே கிடக்கும். தானாகவே சார்ஜ் இறங்குவது குறைவான ரகம் கிடைத்தால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம், அது வீண் போகாது. சில விளக்குகளில் டபுள் ஏ-யின் மூன்றில் இரண்டு பங்கு உயரமே உள்ள குட்டை பேட்டரி இருக்கும், அளவு பார்த்து வாங்குங்கள். இரண்டு பேட்டரி போடும் விளக்கில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதுசு ஒன்று பழசு என்றால் பழசு சீக்கிரம் காலியாகி, புதுசு அதன் வழியே தலைகீழாக மின்சாரத்தைத் தள்ளிக் கொன்றுவிடும்.

புது பேட்டரியைத் தனிச் சார்ஜரில் முழுதாக ஏற்றிப் போடுவது நல்ல தொடக்கம். சார்ஜர் இல்லையென்றால் இரண்டு நாள் ஸ்விட்சை ஆஃப் செய்து வெயிலில் வைக்கலாம். ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. சில விளக்குகளில் ஆஃப் செய்தால் எல்இடி மட்டும் அணையும், சிலவற்றில் பேட்டரியே துண்டிக்கப்பட்டுவிடும். பேட்டரியை எடுத்துவிட்டு விளக்கை வெயிலில் வைத்து, ஸ்விட்சை ஆஃப் செய்து, பேட்டரி உட்காரும் இரண்டு டெர்மினலிலும் மீட்டரை வையுங்கள். வோல்ட் காட்டினால் ஆஃப் நிலையிலும் சார்ஜ் ஏறுகிறது. காட்டாவிட்டால் ஆன் செய்தே வைத்து, இருட்டியதும் ஆஃப் செய்துவிடுங்கள்.

உப்பும் துருவும்

பேட்டரி சரியாக இருந்தும் எரியாத விளக்குகளில் பாதிக்கு மேல் இங்கேதான் மாட்டும். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருப்பதைப் பலர் துரு என்று சொல்கிறார்கள். வெள்ளை, துரு இல்லை. பேட்டரிக்குள் இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து, காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து உப்பாகிறது. பச்சை, செம்பு அரித்ததன் அடையாளம்.

கசிந்தது காரம், ஆகவே அதை முறிக்க அமிலம் வேண்டும். வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு. சமையல் சோடா போட்டுத் தேய்க்கச் சொல்லும் யோசனை கார் பேட்டரிக்கு உரியது, அங்கே கசிவது அமிலம். இங்கே காரத்தின் மேல் சோடாவைப் போட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

கையுறை மாட்டிக்கொள்ளுங்கள், கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை வினிகரில் நனைத்து உப்பின் மேல் ஒற்றுங்கள். லேசாக நுரைக்கும். நுரை நின்றதும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரில் நனைத்த இன்னொரு குச்சியால் துடைத்து, கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். வினிகர் உள்ளேயே தங்கிவிட்டால் அதுவே அரிக்க ஆரம்பிக்கும், அதனால் இந்தக் கடைசித் துடைப்பைத் தவிர்க்காதீர்கள். பிறகு மெல்லிய உப்புத்தாளால் டெர்மினலை உலோகம் பளிச்சிடும்வரை தேய்க்க வேண்டும். ஸ்பிரிங் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தால் பழைய ரிமோட்டிலோ பொம்மையிலோ இருந்து ஒன்றைக் கழற்றிப் போடலாம். ஸ்பிரிங் தளர்ந்து மட்டும் போயிருந்தால் மெதுவாக இழுத்து நீட்டிவிட்டால் போதும்.

பேட்டரியைப் போட்டுப் பார்த்து எரிகிறது என்றதும், டெர்மினலின் மேல் பெட்ரோலியம் ஜெல்லியை மிக மெல்லிய படலமாகத் தடவுங்கள். ஈரம் அண்டாது. அப்பிவிடக் கூடாது, அப்பினால் புழுதி ஒட்டும்.

பேனல்: கண்ணில் புரை விழுந்தால்

பேட்டரி புதுசு, டெர்மினல் சுத்தம், ஆனாலும் இரண்டு மணி நேரத்தில் அணைகிறது. அப்படியானால் வரவு குறைந்துவிட்டது. பேனலை முதலில் வெறும் தண்ணீரும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் விட்டு மென்துணியால் கழுவுங்கள். பறவை எச்சம் காய்ந்திருந்தால் ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டு ஊறவைத்த பிறகு துடையுங்கள், சுரண்டாதீர்கள். பேனலின் ஒரு மூலையில் ஒட்டிய எச்சம் அந்த மூலையை மட்டும் மறைப்பதாகத் தோன்றும். செல்கள் வரிசையாகக் கோத்தவை என்பதால் ஒரு செல் மறைந்தால் எல்லாவற்றின் மின்னோட்டமும் அதன் அளவுக்குச் சுருங்கிவிடும், தோட்டக் குழாயின் ஒரு இடத்தில் மிதித்தது போல.

கழுவியும் பேனல் வெள்ளையாகப் புகைமூட்டம் போட்டது மாதிரி இருந்தால் என்ன செய்வது? விலை குறைந்த விளக்குகளில் செல்களின் மேல் கண்ணாடி இருக்காது, எபாக்சி பிசினை ஊற்றி உறைய வைத்திருப்பார்கள். நகத்தால் தட்டினால் கண்ணாடியின் கணீர் ஒலி வராது, மொத்தென்று கேட்கும். இந்தப் பிசின் வெயிலில் வெந்து மேல்பரப்பு நுண்ணியதாகப் பொரிந்து, கண்ணில் புரை விழுந்தது மாதிரி மங்கிவிடும்.

இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. மங்கிய பேனலின் மேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பரப்புங்கள். உடனே தெளிவாகி, கருநீலச் செல்கள் பளிச்சென்று தெரிந்தால் புகைமூட்டம் மேற்பரப்பில் மட்டும்தான், காப்பாற்றிவிடலாம். தண்ணீர் விட்ட பிறகும் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் கோளாறு ஆழத்தில் இருக்கிறது, பிசினே பழுத்துவிட்டது. அதற்கு மெனக்கெட வேண்டாம்.

காப்பாற்றக்கூடிய பேனலை இப்படிச் செய்யுங்கள். 1000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து வட்டமாக, அழுத்தாமல் தேயுங்கள். பால் மாதிரி கரைந்து வரும், கழுவுங்கள். அடுத்து 2000 எண்ணில் அதே வேலை. முடித்துப் பார்த்தால் பேனல் சீராக மங்கியிருக்கும், பயப்பட வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு வெளிப்புறத்துக்கு உரிய தெளிவான வார்னிஷை மெல்லிசாக ஒரு கோட் அடியுங்கள். தண்ணீர் செய்த அதே வேலையை வார்னிஷ் நிரந்தரமாகச் செய்யும், மேடுபள்ளங்களை நிரப்பி ஒளியை உள்ளே விடும். புறஊதாக் கதிரைத் தாங்கும் வார்னிஷ் என்றால் நீண்ட நாள் உழைக்கும். கையில் நிறமில்லாத நெயில் பாலிஷ்தான் இருக்கிறது என்றால் அதுவும் வேலை செய்யும், ஆனால் ஒரு பருவம் தாண்டாது. நெயில் பாலிஷை அழிக்கும் திரவத்தை மட்டும் விளக்குக்குப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அசிட்டோன் பட்டால் பிளாஸ்டிக் மூடி பாழ். மேலே கண்ணாடி உள்ள பேனலுக்கு இந்தத் தேய்ப்பு வேலை எதுவும் தேவையில்லை, கழுவினால் போதும்.

மீட்டர் வைத்திருப்பவர்கள் தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் பேனலை அளந்து பாருங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். வோல்ட் மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள், மங்கிய பேனலும் 2 வோல்ட் காட்டும். ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். மீட்டரை மில்லி ஆம்பியருக்கு மாற்றி, சிவப்பு முனையைப் பேனலின் பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் நேரடியாக வையுங்கள். இவ்வளவு சின்னப் பேனலை இப்படி ஷார்ட் செய்வதால் எதுவும் ஆகாது. ஆனால் மீட்டர் அதே நிலையில் இருக்கும்போது பேட்டரியின் இரு முனையிலும் தெரியாமல் வைத்துவிட்டால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். நல்ல விளக்கு ஒன்றின் பேனலையும் அதே வெயிலில் அளந்து ஒப்பிட்டால் எவ்வளவு இழந்திருக்கிறோம் என்று தெரியும்.

தண்ணீர் நுழைந்த விளக்கு

உள்ளே நீர்த்துளி தெரிந்தால் பேட்டரியை உடனே கழற்றிவிட்டு, பலகையை ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் துடைத்து, நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். பிறகு எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். பெரும்பாலும் பேனலின் விளிம்பில் பசை விட்டிருக்கும். அங்கே சிலிக்கோன் சீலண்ட் வைத்து அடைக்கலாம். வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கோனைத் தவிர்த்துவிடுங்கள், காயும்போது அது விடும் அசிட்டிக் அமிலம் உள்ளே இருக்கும் செம்பை அரிக்கும். நியூட்ரல் என்று எழுதியிருப்பது வாசனை அடிக்காது, அதை வாங்குங்கள்.

உற்சாகத்தில் எல்லா ஓட்டையையும் அடைத்துவிடாதீர்கள். அடியில் இருக்கும் சின்ன ஓட்டை வேண்டுமென்றே விட்டது. பகலில் சூடாகி இரவில் குளிரும்போது உள்ளேயே பனி பிடிக்கும், அந்த ஈரம் வெளியேற வழி வேண்டும். என்ன அடைத்தாலும் மேலே அடையுங்கள், கீழே விடுங்கள்.

வயர், பலகை, எல்இடி

இதுவரை வந்தும் எரியாத விளக்குகள் மிகச் சிலவே இருக்கும். முதலில் வயர்களைப் பாருங்கள். தலைமுடி கனத்தில் இருக்கும் இந்த வயர்கள் சால்டர் செய்த இடத்திலோ, பசை வைத்து ஒட்டிய இடத்தின் ஓரத்திலோதான் அறும். இடுக்கியால் ஒவ்வொன்றையும் மெதுவாக இழுத்துப் பார்த்தால் அறுந்தது கையோடு வந்துவிடும். மறுபடி சால்டர் செய்யும்போது வயர் நுனியைச் சுத்தம் செய்து முதலில் அதன் மேல் ஈயம் ஏற்றிக்கொள்ளுங்கள், பிறகு பலகையில் தொட்டால் இரண்டு மூன்று விநாடியில் பிடித்துவிடும். பேனலின் முதுகில் உள்ள புள்ளியை அதிக நேரம் சூடாக்கினால் அது பெயர்ந்துவிடும், பெயர்ந்தால் அந்தப் பேனல் அவ்வளவுதான். பேட்டரியின் உடலில் நேரடியாகச் சால்டர் வைக்கவே கூடாது.

வயர் சரி என்றால் ஸ்விட்சின் இரு காலையும் ஒரு வயர் துண்டால் இணைத்துப் பாருங்கள். எரிந்தால் ஸ்விட்ச் போயிருக்கிறது, அந்த இணைப்பையே நிரந்தரமாக வைத்துவிடலாம். தோட்ட விளக்குக்கு ஸ்விட்ச் இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. அடுத்து எல்இடி. 5 மில்லிமீட்டர் வெள்ளை எல்இடி எங்கும் கிடைக்கும், நீளக் கால் பிளஸ். நிறம் மாறி மாறி எரியும் விளக்குகளின் எல்இடிக்குள் தனிச் சிப் இருக்கும், அதே வகையைத்தான் போட வேண்டும்.

கை பழகிவிட்டால் காயிலை மாற்றி விளையாடலாம். காயிலின் மைக்ரோ ஹென்றி அளவு கூடினால் எல்இடிக்குப் போகும் ஓட்டம் குறையும், வெளிச்சம் குறைந்து எரியும் நேரம் நீளும். வெயில் குறைவாகப் படும் இடத்தில் வைத்த விளக்குகளில் 100-க்குப் பதில் 220 போட்டு விடியும்வரை எரிய வைத்திருக்கிறேன். வழி தெரிய அந்த வெளிச்சம் போதும்.

பிறகு பார்த்துக்கொள்வது

மாதம் ஒருமுறை ஈரத்துணியால் பேனலைத் துடைப்பதுதான் பராமரிப்பில் முக்கால்வாசி. மீதி, இடம். பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பவர்கள் பேனலைச் சாய்க்க முடிந்தால் தெற்குப் பக்கம் சாயுங்கள், தெற்கே இருப்பவர்கள் வடக்குப் பக்கம். செடி வளரும், விளக்கு வளராது. நட்டபோது வெயிலில் இருந்தது ஆறு மாதத்தில் இலைக்கடியில் போயிருக்கும், அப்போது கிளையை வெட்டுங்கள், அல்லது விளக்கை நகர்த்துங்கள். குத்தும்போது தலையைப் பிடித்து அழுத்தாதீர்கள். மண்ணில் முதலில் கம்பியால் ஒரு துளை போட்டு, தண்டைப் பிடித்து இறக்கினால் மண்ணில் குத்தும் முளை உடையாது.

தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தால் வரவு நாலில் ஒன்றாகவோ பத்தில் ஒன்றாகவோ குறைந்துவிடும். அப்போது ஆஃப் நிலையிலும் சார்ஜ் ஏறும் விளக்கானால் இரண்டு இரவு அணைத்து வையுங்கள். தினமும் கடைசிச் சொட்டுவரை வற்றிப்போவது பேட்டரிக்கு நல்லதில்லை. மாதக்கணக்கில் பயன்படுத்தப் போவதில்லை என்றால் சார்ஜ் ஏற்றி, பேட்டரியைக் கழற்றி, குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் தனியாக வையுங்கள். மாற்றிய பேட்டரியின் மேல் மாதத்தையும் வருடத்தையும் மார்க்கரால் எழுதிவைப்பது என் வழக்கம். அடுத்த முறை திறக்கும்போது யூகிக்க வேண்டியதில்லை.

பிசின் பழுத்த பேனல், கறுகிய ஐசி என்று தேறாத விளக்கு ஒன்றிரண்டு கடைசியில் மிஞ்சும். அவற்றை முழுசாக எறியாமல் ஸ்பிரிங், ஸ்விட்ச், ஸ்க்ரூ, கண்ணாடிக் கூடு, முளை எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள், மற்ற விளக்குகளுக்கு ஆகும். செத்த பேட்டரியை மட்டும் வீட்டுக் குப்பையில் சேர்க்காதீர்கள். பழைய விளக்காக இருந்தால் அது நிக்கல் காட்மியமாக இருக்க வாய்ப்புண்டு, காட்மியம் நஞ்சு. உப்பியிருக்கும் லித்தியம் பேட்டரியைக் குத்தவோ நசுக்கவோ கூடாது. இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.